வாரத்திற்கும் ஒரு வரவு செலவுக் கணக்கு

மாதத் தொடக்கத்தில் நம் கிளைகளுக்கு வந்து, பாஸ்புக்கைப் பதிவிட்டு வாங்கிக்கொண்டு, அங்கேயே நின்று ஒவ்வொரு வரியையும் சரிபார்க்கும் இல்லத்தரசிகளை நாம் அறிவோம். பால் கணக்கு, மளிகைக் கணக்கு, பள்ளிக் கட்டணம், மின்கட்டணம் ஆகிய எதிலும் ஒரு ரூபாய் பிசகினாலும் அவர்கள் கண்டுபிடித்துவிடுவார்கள். அவர்களிடமே, "நேற்று முற்பகல் பதினொரு மணி முதல் ஒரு மணி வரை என்ன செய்தீர்கள்?" என்று கேட்டால், "என்ன, வீட்டு வேலைதான்" என்ற பதிலே வரும். பணத்திற்குக் கணக்கு உண்டு, நேரத்திற்கு இல்லை. செலவாவது தெரியாமலேயே செலவாகும் செல்வம் இல்லத்தரசியின் நேரமே ஆகும்.

ஒரு வாரத்தின் வேலை, உணவு, ஓய்வு ஆகிய மூன்றையும் ஒரே தாளில் எழுதித் திட்டமிடுவது எப்படி என்பதை இக்கட்டுரையில் விளக்க விரும்புகிறோம். தொடக்கத்திலேயே ஒன்றைச் சொல்லிவிடுவது நலம். இன்னும் கூடுதலாக வேலை வாங்குவதற்கான திட்டம் அன்று இது. இல்லத்தரசிக்கு உரிய நேரத்தை அவரிடமே திருப்பித் தருவதற்கான திட்டம்.

கணக்கில் வராத உழைப்பு

நாட்டு மக்கள் தம் நேரத்தை எவ்வாறு செலவிடுகிறார்கள் என்பதை அறிய, தேசியப் புள்ளியியல் அலுவலகம் 2019-ஆம் ஆண்டில் முதன்முறையாக நாடு தழுவிய நேரப் பயன்பாட்டு ஆய்வை நடத்தியது. ஊதியமில்லாத வீட்டு வேலைகளில் ஈடுபடும் பெண்கள் நாளொன்றுக்குச் சராசரியாக 299 நிமிடங்களையும், ஈடுபடும் ஆண்கள் 97 நிமிடங்களையும் அதற்குச் செலவிட்டனர். பெண்களில் 81.2 விழுக்காட்டினர் அவ்வேலைகளில் ஈடுபட்டனர்; ஆண்களில் 26.1 விழுக்காட்டினரே ஈடுபட்டனர். 2024-ஆம் ஆண்டின் ஆய்வில் பெண்களின் நேரம் 289 நிமிடங்களாகவும், ஆண்களின் நேரம் 88 நிமிடங்களாகவும் இருந்தன.

289 நிமிடங்களை ஏழால் பெருக்கினால் வாரத்திற்கு 2,023 நிமிடங்கள். அதாவது ஏறத்தாழ 34 மணி நேரம். குழந்தைகளையும் முதியோரையும் பராமரிக்கும் நேரம் இதில் சேராது. இவ்வேலைக்கு வார விடுமுறை இல்லை. பண்டிகை நாளில் வேலை கூடுமே தவிரக் குறையாது.

நீதிமன்றங்கள் இவ்வுழைப்பின் மதிப்பை உணர்த்தி வந்துள்ளன. 2001-ஆம் ஆண்டின் மக்கள்தொகைக் கணக்கெடுப்பு இல்லத்தரசிகளைப் பொருளீட்டாதோர் பட்டியலில் சேர்த்திருந்ததை உச்ச நீதிமன்றம் 2010-இல் கண்டித்தது. விபத்தில் உயிரிழந்த இல்லத்தரசிக்கு உத்தேச வருமானம் கணக்கிட்டு இழப்பீடு வழங்க வேண்டும் என்பதையும், அவ்வருமானத்தின் எதிர்கால உயர்வும் அதில் சேர வேண்டும் என்பதையும் 2021 ஜனவரியில் அந்நீதிமன்றம் உறுதி செய்தது. 2023 ஜூனில் சென்னை உயர் நீதிமன்றம், கணவர் ஈட்டிய பொருளால் வாங்கிய சொத்து குறித்த ஒரு வழக்கில், இல்லத்தைப் பேணிய மனைவியின் பங்களிப்பை ஏற்று அவருக்கும் அதில் பங்கு உண்டு என்று தீர்ப்பளித்தது. சட்டம் ஏற்றுக்கொண்ட மதிப்பை வீடும் ஏற்க வேண்டாமா?

முதல் படி: எழுதுதல்

சேமிக்க விரும்புவோரிடம் நாம் முதலில் சொல்வது, ஒரு மாதச் செலவை ஒளிவுமறைவின்றி எழுதுங்கள் என்பதே. நேரத்திற்கும் அதுவே வழி. ஒரு வாரம் வரை எதையும் மாற்றாமல், செய்வதை மட்டும் எழுதிவர வேண்டும். அடுப்படிச் சுவரில் தொங்கும் நாட்காட்டியின் பின்பக்கமே இதற்குப் போதும்.

எழுதும்போது மூன்றைக் கவனித்தல் நலம். ஒன்று, ஒரே வேலை வாரத்தில் எத்தனை முறை வருகிறது. இரண்டு, அதை வேறு எவராலும் செய்ய இயலுமா. மூன்று, கையால் செய்யாமல் நினைவில் மட்டும் சுமக்கும் வேலைகள் எவை. சிலிண்டர் பதிவு, மாமியாரின் மாத்திரை தீரும் நாள், மின்கட்டணத்தின் கடைசித் தேதி, பெற்றோர் கூட்டம், ஊறவைக்க வேண்டிய கொண்டைக்கடலை ஆகிய இவற்றுக்கு நிமிடக் கணக்கு இல்லை. ஆனால் இரவில் படுத்த பின்னும் உறங்கவிடாதவை இவையே. எழுதியவுடன் அவை தலையிலிருந்து சுவருக்கு இறங்கிவிடும். வீட்டிலுள்ள மற்றவர் கண்ணிலும் படும்.

ஒரு குடும்பத்தின் கணக்கு

எடுத்துக்காட்டாக, மும்பை செம்பூரில் வாழும் ஒரு தமிழ்க் குடும்பத்தைக் கற்பனை செய்துகொள்வோம். கணவர் காலை ஏழரை மணிக்கு ஹார்பர் தடத்தில் மின்தொடர்வண்டி பிடிக்கப் புறப்படுகிறார். மகன் ஒன்பதாம் வகுப்பு. மகள் ஐந்தாம் வகுப்பு. சர்க்கரை நோயுள்ள மாமியார் உடன் இருக்கிறார். குழாயில் தண்ணீர் குறிப்பிட்ட நேரத்தில் மட்டுமே வரும். ஜூன் முதல் செப்டம்பர் வரை துணி உலர்வதே பெரும்பாடு.

ஒரு வாரம் எழுதிப் பார்த்தபோது அந்த இல்லத்தரசிக்குச் சில செய்திகள் புலப்படுகின்றன. காய்கறி வாங்க வாரத்தில் ஐந்து முறை வெளியே போகிறார். ஒவ்வொரு முறையும் 40 நிமிடங்கள். இரண்டே முறையாக்கி, ஒவ்வொரு முறையும் ஒரு மணி நேரம் எடுத்துக்கொண்டாலும் 80 நிமிடங்கள் மிச்சம். மாவு இரு முறை அரைக்கிறார். ஒரே முறையாக்கினால் கிரைண்டரைக் கழுவித் துடைப்பது உட்பட 45 நிமிடங்கள் மிச்சம். ஆக, ஒழுங்கமைப்பதால் மட்டும் கிடைப்பவை 125 நிமிடங்கள்.

அடுத்து, பிறர் ஏற்கக்கூடியவை. இரவுப் பாத்திரம் கழுவுதலைக் கணவரும் மகனும் நாள் மாற்றி ஏற்றால், நாளுக்கு 30 நிமிடங்கள் வீதம் வாரத்திற்கு 210 நிமிடங்கள். உலர்ந்த துணியை மடித்து அடுக்குவதை மகள் ஏற்றால், வாரம் நான்கு முறை, 15 நிமிடங்கள் வீதம் 60 நிமிடங்கள். ஞாயிறு காலைச் சிற்றுண்டி முழுவதையும் கணவரே பார்த்துக்கொண்டால் மேலும் 60 நிமிடங்கள். மொத்தம் 330 நிமிடங்கள்.

இரண்டையும் கூட்டினால் 455 நிமிடங்கள். ஏழரை மணி நேரத்திற்கும் சற்றுக் கூடுதல். இதில் திறமையாகத் திட்டமிட்டதன் பயன் ஏறத்தாழக் கால் பங்கே. பகிர்ந்துகொண்டதன் பயன் முக்கால் பங்கு. எத்தனை அழகான அட்டவணை போட்டாலும், அதில் ஒருவர் பெயர் மட்டுமே இருந்தால், அவர் தம் வேலையைச் சற்று விரைவாகச் செய்வார், அவ்வளவே. குடும்பத்தார் அனைவரின் பெயரும் இடம்பெறும் தாளே திட்டம் என்னும் பெயருக்கு உரியது.

முதலில் சேமிப்பு, பிறகு செலவு

வருமானத்தில் செலவு போக எஞ்சியதைச் சேமிப்போம் என்பவர் பெரும்பாலும் சேமிப்பதில்லை. வருமானம் வந்தவுடன் சேமிப்பை எடுத்து வைத்துவிட்டு எஞ்சியதைச் செலவிடுபவருக்கே கையில் பணம் தங்கும். தொடர் வைப்புக் கணக்கின் அடிப்படை இதுவே.

நேரத்திலும் அவ்வாறே செய்ய வேண்டும். வேலையெல்லாம் முடிந்தபின் ஓய்வெடுப்போம் என்றால் வேலை முடிவதில்லை. ஆகவே வாரத் தாளில் முதலில் நிரப்ப வேண்டியவை இல்லத்தரசிக்கு உரிய கட்டங்கள். மேற்சொன்ன குடும்பத்தில் மீண்ட 455 நிமிடங்களை இவ்வாறு ஒதுக்கலாம்: நாள்தோறும் பிற்பகலில் 30 நிமிட ஓய்வு, வாரத்திற்கு 210, வாரம் ஐந்து நாள் 30 நிமிட விரைவு நடை, 150, தம் சொந்தப் பணக்கணக்கைப் பார்க்க ஒரு மணி நேரம், 60. மொத்தம் 420. எஞ்சிய 35 நிமிடங்கள் எதிர்பாராத வேலைக்கான கையிருப்பு.

நடைக்கு 150 நிமிடங்கள் என்பது நாம் கற்பித்த அளவு அன்று. வயது வந்தோர் வாரத்திற்குக் குறைந்தது 150 நிமிடங்கள் மிதமான உடற்பயிற்சி செய்ய வேண்டும் என்பது உலக சுகாதார அமைப்பின் பரிந்துரை. "வீட்டு வேலையே உடற்பயிற்சிதானே" என்பார்கள். துடைப்பதும் துவைப்பதும் உடலை அசைக்கும் என்பது உண்மையே. ஆயினும் அடுப்படியில் நின்றே கழியும் மணிநேரங்கள் இடுப்பையும் காலையும் வருத்துகின்றன. திறந்த வெளியில் நடப்பது உடலுக்கும் மனத்திற்கும் வேறொரு பயனைத் தரும்.

ஏழு நாளுக்கு ஓர் உணவுத் திட்டம்

"இன்று என்ன சமையல்?" என்னும் கேள்வியை நாளுக்கு மூன்று முறை, வாரத்திற்கு இருபத்தொரு முறை ஒருவரே எதிர்கொள்வது களைப்பூட்டும் செயல். ஞாயிறு மாலை பத்து நிமிடம் குடும்பத்தார் கூடிப் பேசி எழுதிவிட்டால் அக்கேள்வி வாரத்திற்கு ஒரு முறையே எழும். ஒரு மாதிரிப் பட்டியலைக் கீழே தருகிறோம்.

ஞாயிறு: காலை ரவை உப்புமா, கணவர் பொறுப்பு. பிறகு காய்கறிச் சந்தை. நண்பகலில் அரிசியும் உளுந்தும் ஊறவைத்து மாலையில் அரைத்தல்.

திங்கள்: காலை இட்லி, நண்பகல் சாம்பார், அவரைக்காய்ப் பொரியல், இரவு சப்பாத்தி, பருப்பு. காலையில் சற்றுக் கூடுதலாக வேகவைத்த துவரம்பருப்பே இரவுக்கும் உதவும்.

செவ்வாய்: காலை தோசை, நண்பகல் கீரை மசியல், ரசம், இரவு காய்கறி கலந்த கோதுமை ரவை. உறங்குமுன் கொண்டைக்கடலை ஊறவைத்தல்.

புதன்: காலை அவல் உப்புமா, எலுமிச்சை பிழிந்து, நண்பகல் மோர்க்குழம்பு, மாலை சுண்டல். பாதிக் கடலையைக் குளிர்பெட்டியில் வைத்தல். இரண்டாவது சந்தை.

வியாழன்: காலை எஞ்சிய மாவில் ஊத்தப்பம், நண்பகல் கொண்டைக்கடலைக் குழம்பு, இரவு சோறு, மோர், துவையல்.

வெள்ளி: காலை வெண்பொங்கல், நண்பகல் முருங்கைக்காய்ச் சாம்பார், இரவு சப்பாத்தி, காய்கறிக் கூட்டு.

சனி: காலை கேழ்வரகு அடை அல்லது கம்பங்கூழ், நண்பகல் குளிர்பெட்டியில் எஞ்சிய காய்களைக் கொண்டு அவியல். இரவு அனைவரும் விரும்பும் எளிய உணவு. ஒருநாள் வெளியே வாங்கினாலும் குற்றமில்லை.

அசைவம் உண்போர் புதன், ஞாயிறு நண்பகல்களில் மீனையோ முட்டையையோ சேர்த்துக்கொள்ளலாம். சர்க்கரை நோயுள்ளவருக்கென, மருத்துவர் தனியே ஏதும் கூறியிருந்தாலொழிய, வேறு சமையல் தேவையில்லை. சோற்றின் அளவைக் குறைத்து, காயையும் பருப்பையும் கூட்டுவது வீட்டிலுள்ள அனைவருக்கும் ஏற்றதே. ஐதராபாத்திலுள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் 2024-ஆம் ஆண்டு வழிகாட்டுதலும் காய், கீரை, பழங்கள் தட்டில் பெரும் இடம் பெற வேண்டும் என்றே கூறுகிறது.

முன்கூட்டிச் சமைப்பதில் ஓர் எச்சரிக்கையும் வேண்டும். சமைத்த உணவை இரண்டு மணி நேரத்திற்குள் குளிர்பெட்டியில் வைத்துவிட வேண்டும். சோற்றை வெளியே நெடுநேரம் வைத்திருந்தால் அதில் பெருகும் நுண்ணுயிர்கள் உண்டாக்கும் நச்சு, பின்னர்ச் சூடாக்கினாலும் அழிவதில்லை. ஆதலால் காய் நறுக்குதல், தேங்காய் துருவுதல், பருப்பு ஊறவைத்தல் போன்ற ஆயத்தங்களை முன்னரே செய்துகொண்டு, சமையலை அன்றன்று செய்வதே நன்று.

கடைசியாக உண்பவர்

நம் வீடுகளில் அனைவருக்கும் பரிமாறிய பின், எஞ்சியதை உண்பவர் பெரும்பாலும் இல்லத்தரசியே. காய் தீர்ந்திருக்கும், குழம்பு அடியில் கொஞ்சம் இருக்கும், ஊறுகாயோடு உணவு முடிந்துவிடும். இதன் விளைவைக் கணக்கெடுப்பு காட்டுகிறது. 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி, 15 முதல் 49 வயதுவரையுள்ள இந்தியப் பெண்களில் 57 விழுக்காட்டினருக்கு இரத்தசோகை உள்ளது. தமிழ்நாட்டில் இது 53.4 விழுக்காடு. படி ஏறினால் மூச்சு வாங்குவதையும், மாலையானால் தலை கிறுகிறுப்பதையும் "வேலைக் களைப்பு" என்று தள்ளிவிடுவோர் பலர். இரத்தத்தில் இரும்புச்சத்து குறைந்திருப்பது பரிசோதித்தால்தான் தெரியும்.

ஆகவே உணவுத் திட்டத்தில் மூன்றைச் சேர்க்க வேண்டுகிறோம். முதலாவது, நாளில் ஒரு வேளையேனும் குடும்பம் ஒன்றாக அமர்ந்து உண்ணட்டும்; பாத்திரங்களை நடுவில் வைத்து அவரவரே எடுத்துக்கொள்ளட்டும். இரண்டாவது, சாப்பாட்டோடு ஒட்டிக் காபி, தேநீர் அருந்துவதைத் தவிர்க்கலாம். உணவிலுள்ள இரும்புச்சத்தை உடல் ஏற்பதை அவை தடுக்கின்றன. ஒரு மணி நேர இடைவெளி போதும். மூன்றாவது, கீரை, பயறு, கம்பு ஆகியவற்றோடு நெல்லிக்காயோ எலுமிச்சையோ கொய்யாவோ சேரட்டும். அவற்றிலுள்ள வைட்டமின் சி, இரும்புச்சத்தை உடல் ஏற்க உதவும்.

இவற்றோடு ஆண்டுக்கு ஒரு நாளை உடற்பரிசோதனைக்கென்று நாட்காட்டியில் வட்டமிட வேண்டும். 30 வயது நிறைந்தவர்களுக்கு இரத்த அழுத்தம், சர்க்கரை, வாய்ப் புற்று, மார்பகப் புற்று, கருப்பைவாய்ப் புற்று ஆகியவற்றுக்கான சோதனை அரசு நலவாழ்வு மையங்களில் கட்டணமின்றிச் செய்யப்படுகிறது. பிள்ளையின் தேர்வுக்காகத் தள்ளிவைத்து, உறவினர் வீட்டுத் திருமணத்திற்காகத் தள்ளிவைத்து, ஆண்டுகள் கழிந்துபோன பரிசோதனைகள் எத்தனையோ வீடுகளில் உண்டு. அந்த வட்டத்தை மட்டும் எவரும் அழிக்கக் கூடாது என்று குடும்பமே உறுதி கொள்ளட்டும்.

அவருக்கென ஒரு மணி நேரம், அவருக்கென ஒரு கணக்கு

வாரத்தில் ஒரு மணி நேரத்தைப் பணக்கணக்கிற்கு ஒதுக்கினோம் அல்லவா? அந்த நேரத்தில் முதலில் செய்ய வேண்டியது, இல்லத்தரசியின் பெயரிலேயே ஒரு சேமிப்புக் கணக்கு உள்ளதா என்று பார்ப்பது. மின்கட்டணம் போன்ற மாறாத தேதிச் செலவுகளைத் தானியங்கிச் செலுத்துமுறையில் வைத்துவிட்டால், நினைவில் சுமக்கும் வேலைகளில் ஒன்று குறையும். மாதம் 500 ரூபாயில் அவர் பெயரில் தொடர் வைப்புத் தொடங்கினால், ஆண்டு முடிவில் 6,000 ரூபாயும் வட்டியும் அவர் கையில் இருக்கும்.

காப்பீட்டில் ஒரு குறையை அடிக்கடி காண்கிறோம். பொருளீட்டுபவருக்கு மட்டும் காப்பீடு எடுத்துவிட்டு, இல்லத்தரசிக்கு எடுப்பதில்லை. அவர் ஒரு மாதம் படுத்துவிட்டால் வீட்டில் எத்தனை பேரைச் சம்பளத்திற்கு வைக்க வேண்டியிருக்கும் என்று எண்ணிப் பார்த்தால் இதன் பிழை விளங்கும். பிரதம மந்திரி சுரக்ஷா பீமா திட்டத்தில் 18 முதல் 70 வயது வரையுள்ளோர் ஆண்டுக்கு 20 ரூபாயில் இரண்டு இலட்சம் ரூபாய் விபத்துக் காப்பீடு பெறலாம். பிரதம மந்திரி ஜீவன் ஜோதி பீமா திட்டத்தில் 18 முதல் 50 வயது வரையுள்ளோர் ஆண்டுக்கு 436 ரூபாயில் இரண்டு இலட்சம் ரூபாய் ஆயுள் காப்பீடு பெறலாம். இரண்டிற்கும் சேமிப்புக் கணக்கு இருந்தால் போதும். சம்பளச் சான்று தேவையில்லை. கணக்கில் வாரிசு நியமனம் பதிவாகியுள்ளதா என்பதையும் அதே நேரத்தில் சரிபார்த்துக்கொள்ளலாம். ஒருமுறைக் கடவுச்சொல்லையும் அட்டையின் இரகசிய எண்ணையும், வங்கியிலிருந்து பேசுவதாகக் கூறுவோர் உட்பட எவருக்கும் சொல்லுதல் கூடாது.

திட்டம் தவறும் நாள்

குழந்தைக்குக் காய்ச்சல் வரும்; விருந்தினர் சொல்லாமல் வருவர்; மழையில் மூன்று நாள் துணி உலராது. அந்த வாரம் திட்டம் கலைந்துவிடும். அதனால் குறை ஏதுமில்லை. அத்தகைய வாரத்தில் எதை விடலாம் என்பதை முன்னரே குறித்துக்கொள்வது அறிவுடைமை. பரண் துடைப்பதையும் சலவைத் துணி தேய்ப்பதையும் அடுத்த வாரத்திற்குத் தள்ளலாம். இட்லிக்குச் சட்னி ஒன்றே போதும். உறக்கத்தையும் வேளைக்கு உண்பதையும் மட்டும் தள்ளக் கூடாது. நெருக்கடியில் செலவைக் குறைப்போம்; முதலைத் தொடமாட்டோம். இல்லத்தரசியின் உடல்நலம் அந்த வீட்டின் முதல்.

நான்கு வாரங்கள் கழிந்தபின் தாளைக் குடும்பத்தார் முன் வைத்து மீண்டும் பார்க்க வேண்டும். பாத்திரக் கட்டத்தில் எழுதிய பெயர்கள் செயலிலும் உள்ளனவா? பிற்பகல் ஓய்வுக் கட்டம் மெல்ல வேறு வேலைக்குப் போய்விட்டதா? பொய் எழுதாத கணக்கே பயன் தரும் என்பது பணத்திற்கும் நேரத்திற்கும் பொது.

இவ்விதழைப் படித்து முடித்தவுடன் ஒரு தாளை எடுத்து ஏழு கட்டங்கள் வரையுங்கள். முதல் கட்டத்தில் ஒரு பெயரை எழுதி, அதன் எதிரே 'ஓய்வு, 30 நிமிடம்' என்று குறியுங்கள். அதை எழுதுபவர் இல்லத்தரசியாக இல்லாமல் வீட்டிலுள்ள வேறொருவராக இருந்தால் நாம் பெரிதும் மகிழ்வோம்.